ட்ரெய்லரில் குளிர்காலம்: கரண்ட் ஹீட்டர் இருக்க, கேஸ் ஃபர்னஸ் எதற்கு?

ரெட்டீர்_புதுசு, நவம்பர் 6, மாலை

காரின் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி, 26 அடி ட்ராவல் ட்ரெய்லர் ஒன்று பழையதாக வாங்கி, கனடாவின் ஆல்பர்ட்டாவில் ரெட் டீர் பக்கம் வருடம் முழுக்கத் திறந்திருக்கும் கேம்ப்கிரவுண்டில் நிறுத்தியிருக்கிறோம். நானும் மனைவியும். ஏப்ரல் வரை இதில்தான் குடித்தனம். 30 ஆம்ப் கரண்ட் வாடகையிலேயே சேர்த்தி. அதனால் 1500 வாட் ஹீட்டர் இரண்டு வாங்கிவிட்டேன். உள்ளே 22 டிகிரி, ஜம்மென்று இருக்கிறது. வண்டியோடு வந்த, புரொப்பேன் எரித்துச் சூடான காற்று விடும் கேஸ் ஃபர்னஸை அணைத்தே வைத்தால் புரொப்பேன் செலவு மிச்சம்தானே? எல்லோரும் ஏன் ஃபர்னஸ், ஃபர்னஸ் என்கிறார்கள்?

மேற்குக்காற்று, நவம்பர் 6, இரவு 9.20

அணைக்காதீர்கள். இப்போது வெளியே -5, -6 இருக்கும். ஒன்றும் தெரியாது. -20 வரும் முதல் இரவு விடிந்ததும் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் வராது.

ஹீட்டர் சூடாக்குவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையை. தண்ணீர் இருப்பது தரைக்குக் கீழே. நல்ல தண்ணீர் டேங்க், பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் போகும் கிரே டேங்க், கழிவறைக்கான பிளாக் டேங்க், குழாய்களில் முக்கால்வாசி, எல்லாம் வண்டியின் அடிவயிற்றில் ஒரு கருப்பு பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. பல வண்டிகளில் ஃபர்னஸிலிருந்து 2 அங்குலக் குழல் ஒன்று அந்த அடிவயிற்றுக்குள் இறங்கும். ஃபர்னஸ் ஓடினால்தான் அங்கே சூடு போகும். அறை ஏற்கனவே 22 டிகிரியில் இருந்தால் தெர்மோஸ்டாட் எதற்கு ஃபர்னஸைக் கூப்பிடப் போகிறது? மேலே நீங்கள் பனியனோடு உட்கார்ந்திருப்பீர்கள், கீழே குழாய் உறைந்துகொண்டிருக்கும்.

ஹீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒன்றைக் குறைவாக வைத்து ஓட்டுங்கள். ஃபர்னஸ் மணிக்கு இரண்டு மூன்று தடவையாவது தானாக ஓடும்படி தெர்மோஸ்டாட்டை வையுங்கள். ஹீட்டர் கைத்துணை, ஃபர்னஸ்தான் முதல் ஆள்.

மேற்குக்காற்று, நவம்பர் 6, இரவு 9.50

கரண்ட் பக்கம் விட்டுப்போனது. இங்கே 120 வோல்ட் என்பதால் 1500 வாட் ஹீட்டர் ஒன்று 12.5 ஆம்ப் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 25. 30 ஆம்ப் இணைப்பில் மணிக்கணக்காகத் தொடர்ந்து இழுக்கலாம் என்பது 80 சதவீதம், அதாவது 24. ஏற்கனவே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். இதற்கு மேல் மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழும். விழுந்தால்கூட நல்லதுதான், விழாமல் பிளக் சூடாகிக்கொண்டே இருப்பதுதான் எனக்குப் பயம்.

இரண்டு ஹீட்டரும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு வெளியே போய், கரண்ட் கம்பத்துப் பெட்டியில் செருகியிருக்கும் பெரிய பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் முள் சரியாகப் பிடிக்கவில்லை. என் பழைய வண்டியில் மூன்று முள்ளில் ஒன்று பழுப்பேறி, அதைச் சுற்றி இருந்த கருப்பு ரப்பர் இளகி, அமுக்கினால் விரல் பதிகிற மாதிரி ஆகியிருந்தது. உள்ளே இருந்த எங்களுக்கு ஒரு அறிகுறியும் இல்லை, விளக்கெல்லாம் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது.

வண்டிக்குள்ளும் இரண்டையும் ஒரே 15 ஆம்ப் சர்க்யூட்டில் செருகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம்.

ரெட்டீர்_புதுசு, நவம்பர் 7

பிளக் நல்ல சூடு அண்ணா. ஒரு ஹீட்டரை அணைத்துவிட்டேன். அடிவயிற்றுக்குக் குழல் போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேற்குக்காற்று, நவம்பர் 7, இரவு

ஃபர்னஸை இருபது நிமிடம் விடாமல் ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துப் போய் அந்தக் கருப்புத் தகட்டைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். ஏதாவது ஓரிடத்தில் சூடு தட்டினால் குழல் அங்கே முடிகிறது. எங்கேயும் தட்டாவிட்டால் ஓரத்தில் நாலைந்து ஸ்க்ரூவைக் கழற்றி, தகட்டைக் கொஞ்சம் இறக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். குழல் இருந்து வாயிலிருந்து கழன்று கிடப்பதும் உண்டு, நசுங்கி மடங்கியிருப்பதும் உண்டு. குழலே இல்லாவிட்டால் டேங்குகளுக்கு அடியில் ஒட்டும் ஹீட்டிங் பேட் வாங்க வேண்டியதுதான்.

தகட்டைத் திறந்தது திறந்தாயிற்று, ஒயர்லெஸ் தெர்மாமீட்டரின் சென்சர் ஒன்றைக் குழாய்க்குப் பக்கத்தில் கட்டிவிட்டு மூடுங்கள். அதற்கு லித்தியம் செல் போடுங்கள், சாதா அல்கலைன் செல் குளிரில் படுத்துவிடும். நான் காலையில் எழுந்ததும் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அது 4 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை.

மேற்குக்காற்று, நவம்பர் 9

புரொப்பேன் செலவு எவ்வளவு என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

சூட்டை இங்கே பி.டி.யு என்ற அலகில் அளப்பார்கள். ஒரு பவுண்ட் புரொப்பேன் எரிந்தால் சுமார் 21,500 பி.டி.யு. 30 பவுண்ட் சிலிண்டர் என்றால் ஆறே கால் லட்சத்துக்கும் மேல். உங்கள் ஃபர்னஸ் மணிக்கு 30,000 பி.டி.யு என்றால், நிற்காமல் எரிந்தால் ஒரு சிலிண்டர் சுமார் 21 மணி நேரம் வரும். கடுங்குளிரில் நாளில் பாதி நேரம் எரியும் என்று வைத்தால் இரண்டு நாள் தாங்காது. ஆமாம், செலவுதான். 1500 வாட் ஹீட்டர் தருவது மணிக்கு 5,100 பி.டி.யு. இரண்டும் சேர்ந்தாலும் ஃபர்னஸில் பாதிகூட இல்லை. இப்போது 22 காட்டும் அறை, -25-ல் அந்த இரண்டை வைத்து 12-ஐத் தாண்டினால் அதிசயம்.

ஏப்ரல் வரை ஒரே இடம் என்றால், கேம்ப்கிரவுண்டில் அனுமதி கேட்டு 100 பவுண்ட் சிலிண்டரோ 420 பவுண்ட் டேங்கோ வாடகைக்கு எடுங்கள். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். -30-ல் இரண்டு சிலிண்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு நிரப்பப் போகிற வேலை மிச்சம்.

சுடர்_எட்மன்டன், நவம்பர் 9

எட்மன்டனில் -35 எல்லாம் வரும். கேஸ் உறைந்துபோகாதா?

மேற்குக்காற்று, நவம்பர் 10

உறையாது, ஆனால் சோம்பிவிடும். புரொப்பேன் கொதிப்பது -42-ல். அதற்கு மேல் எந்தக் குளிரிலும் திரவம் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். -30-லும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் ஃபர்னஸுக்குப் போதும். பிரச்சினை வேகத்தில். திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே இழந்து இன்னும் குளிர்கிறது. சிலிண்டரின் வெளிப்புறத்தில் திரவம் எங்கே நிற்கிறதோ அதுவரை வெள்ளையாக உறைபனி படியும், பார்த்தால் தெரியும். சிலிண்டர் காலியாகக் காலியாக, சுவரில் திரவம் படும் பரப்பும் குறைகிறது. அதனால் ஃபர்னஸ் கேட்கிற அளவுக்கு ஆவி வராது, தீ சுருங்கும், அணையும். கடுங்குளிர் வரப்போகிறது என்றால் கால்வாசி இருக்கும்போதே நிரப்பிக்கொள்வது நல்லது. பெரிய டேங்க் என்று நேற்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், பரப்பு அதிகம்.

ஊரில் நம் அடுப்படிச் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். அந்தச் சிலிண்டரை இங்கே வெளியே வைத்தால் பாதி கேஸ் உள்ளேயே திரவமாகக் கிடக்கும்.

சிலிண்டரைச் சூடாக்க வெந்நீர், டார்ச் தீ என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதற்கென்றே விற்கும் சிலிண்டர் போர்வை உண்டு. ரெகுலேட்டரின் மூச்சுத்துளை கீழ்நோக்கி இருக்கட்டும். பனி உருகி அதில் இறங்கி உறைந்தால் கேஸ் ஒழுங்காக வராது.

ரெட்டீர்_புதுசு, நவம்பர் 14

நேற்று ராத்திரி கேம்ப்கிரவுண்டில் கரண்ட் போய்விட்டது. ஃபர்னஸ் கேஸில்தானே ஓடுகிறது என்று நிம்மதியாகப் படுத்தோம். நாலு மணிக்கு உள்ளே 9 டிகிரி. ஃபேன் சத்தம் கேட்கிறது, வருவது குளிர்காற்று. ஃபர்னஸ் போய்விட்டதா?

மேற்குக்காற்று, நவம்பர் 14, காலை

ஃபர்னஸுக்கு ஒன்றுமில்லை. பேட்டரி இறங்கிவிட்டது.

ஃபர்னஸ் தொடங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் தெர்மோஸ்டாட்டில் சின்ன 'டிக்'. உடனே ஃபேன். பத்துப் பதினைந்து விநாடி வெறும் காற்று. பிறகு டிக்-டிக்-டிக் என்று பொறி. அப்புறம் கேஸ் பற்றிக்கொள்ளும் 'உஃப்'. இந்த வரிசையில் எது விட்டுப்போகிறதோ அங்கேதான் கோளாறு. ஃபேன் காற்று தள்ளித் திறக்க வேண்டிய ஒரு மெல்லிய தகடு உள்ளே இருக்கிறது, செயில் சுவிட்ச் என்பார்கள். வோல்ட் 11-க்குக் கீழே போனால் ஃபேன் சுற்றும், ஆனால் அந்தத் தகட்டைத் தள்ளும் வேகம் வராது. தகடு நகராவிட்டால் பொறியும் இல்லை, கேஸும் திறக்காது. காற்று ஓட்டம் இல்லாமல் தீ பிடிக்கக் கூடாது என்பதற்கான காவல் அது. அதே தகட்டில் நாய்முடி, தூசி சிக்கினாலும் இதே கதைதான். வோல்ட் சரியாக இருந்தும் பொறி வராவிட்டால் அங்கே பாருங்கள்.

ஃபேன் இழுப்பது 7, 8 ஆம்ப். உங்கள் வண்டியில் இருப்பது 80 ஆம்ப்-ஹவர் ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, ஆக 40. ஃபர்னஸ் பாதி நேரம் ஓடினால் பத்து மணி நேரம். இது பேட்டரி புதிது, வெளியே 25 டிகிரி என்ற கணக்கு. குளிரில் பேட்டரியின் கொள்ளளவு பாதியை ஒட்டிக் குறையும். நாலு மணிக்கு நின்றது பெரிய விஷயமே இல்லை.

இன்று முதல் வேலையாக அதைச் சார்ஜ் ஏற்றுங்கள். முழுக்க இறங்கிய ஈய பேட்டரி -10-லேயே உறைந்து வெடிப்பு விடும். முழு சார்ஜில் உள்ளதை எந்த ஆல்பர்ட்டா இரவும் உறையவைக்காது.

சுடர்_எட்மன்டன், நவம்பர் 14

நாங்கள் லித்தியம் மாற்றிவிட்டோம். அந்தக் கவலை இல்லை.

மேற்குக்காற்று, நவம்பர் 14, மாலை

வேறொரு கவலை உண்டு சுடர். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. நல்ல பேட்டரியாக இருந்தால் அதுவே மறுத்துவிடும், மலிவானது என்றால் வாங்கிக்கொண்டு கெட்டுப்போகும். உங்களுடையது முன்பக்கம் வெளியே கம்பிச்சட்டத்தில் இருந்தால் உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வையுங்கள். ஈய பேட்டரியை அப்படி உள்ளே கொண்டுவரக் கூடாது, அது ஹைட்ரஜன் விடும்.

மேற்குக்காற்று, நவம்பர் 21

ஸ்கர்ட்டிங், அதாவது வண்டியின் அடிப்பகுதியைச் சுற்றித் தரைவரை கட்டும் மறைப்பு, அதைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். ஸ்கர்ட்டிங் இல்லாத ட்ரெய்லர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பனியில் நிற்கிற ஆள் மாதிரி. சுவரும் கூரையும் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அடியில் காற்று புகுந்து புகுந்து தரையை இழுத்துக் குளிர்விக்கும். அறையில் 21 இருக்கும், கால் மட்டும் விறைக்கும்.

இரண்டு வழி. ஒன்று, கடினமான பிங்க் அல்லது நீல ஃபோம் போர்டு. 2 அங்குலத் தடிமன் போதும். ஆர் என்பது சூடு வெளியேறாமல் தடுக்கும் திறனின் அளவு, எண் கூடக் கூட நல்லது. அங்குலத்துக்கு ஆர்-5 வீதம் ஆர்-10 கிடைக்கும். அளந்து வெட்டி, டேப் ஒட்டி, அடியில் மண்ணோ மரக்கட்டையோ அணைத்து நிறுத்த வேண்டும். இன்னொன்று வினைல் துணி, அளவெடுத்துத் தைத்துத் தருகிறார்கள். அதற்கு ஆர் மதிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கர்ட்டிங் செய்யும் வேலையில் பெரும்பங்கு காற்றைத் தடுப்பதுதான், அதை வினைல் நன்றாகவே செய்யும். கழற்றி மடித்து எடுத்துப்போகலாம். என் வாக்கு வினைலுக்கு.

வெள்ளி நிறக் குமிழ்த்தாளை அடியில் சுற்றிக் கட்டியவர்களையும் பார்க்கிறேன். அதன் அட்டையில் போட்டிருக்கும் ஆர் எண்ணெல்லாம் இருபுறமும் காற்று இடைவெளி விட்டால் கிடைப்பது. நேராக ஒட்டினால் ஆர்-1 தேறும். ஜன்னலுக்குச் சரி, ஸ்கர்ட்டிங்குக்குப் போதாது.

மேற்குக்காற்று, நவம்பர் 24

வினைலுக்கு வாக்குப் போட்டது என் இடத்தை மனதில் வைத்து. நான் இருப்பது காக்ரேன் பக்கம். சினூக் என்கிற, மலையிலிருந்து இறங்கும் வெதுவெதுப்பான காற்று வந்து பத்து நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் உருக்கிவிடும், வினைல் தாக்குப்பிடிக்கும். ரெட் டீரில் அது குறைவு, எட்மன்டனில் இன்னும் குறைவு. -25 வந்தால் ஒரு வாரம் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இருப்பவர்களுக்கு ஃபோம் போர்டுதான் சரி. சுடர் தன் ஸ்கர்ட்டிங்கைப் படமெடுத்துப் போட்டிருந்தார், அதைப் பார்த்த பிறகு இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்: உள்ளே ஃபோம், வெளியே வினைல் இரண்டும் இருந்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

எந்த ஸ்கர்ட்டிங் ஆனாலும் சிலிண்டர்களை அதற்கு வெளியே வையுங்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, ஸ்கர்ட்டிங்குக்குள் தேங்கி நிற்கும். ஃபர்னஸின் புகைவாயை எதுவும் மறைக்கக் கூடாது. ஒரு ஆள் ஊர்ந்து நுழையும் அளவுக்குக் கதவு ஒன்று விட்டுவையுங்கள், ஜனவரியில் கண்டிப்பாக உள்ளே போக வேண்டி வரும். எலி ஃபோமைக் குடைந்து வரும், வாரம் ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள்.

பனி விழுந்தால் வாரி ஸ்கர்ட்டிங் மேல் அணைத்துவிடுங்கள். அதைவிட மலிவான காப்பு கிடையாது.

ரெட்டீர்_புதுசு, டிசம்பர் 1

சூடு இப்போது பிரச்சினை இல்லை. தண்ணீர்தான். காலையில் ஜன்னல் எல்லாம் வழிகிறது, விளிம்பில் பனிக்கட்டி. மெத்தையைத் தூக்கினால் அடியில் ஈரம், கரும்புள்ளி. கூரை ஒழுகுகிறதோ?

மேற்குக்காற்று, டிசம்பர் 1, இரவு

கூரை ஒழுகவில்லை. அது நீங்கள் இரண்டு பேரும் விட்ட மூச்சு, சமைத்த சமையல். இந்த இழையில் இதுவரை எழுதியதில் இதுதான் எனக்கு முக்கியம், நம் வீடுகளுக்கு இன்னும் முக்கியம்.

இரண்டு பேர் தூங்கி எழுந்தால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலந்திருக்கும். அதன் மேல் நாம் சோறு வடிக்கிறோம், ரசம் கொதிக்கவைக்கிறோம், குக்கர் விசில் விடுகிறோம், இட்லி அவிக்கிறோம். வெள்ளைக்காரர் சாண்ட்விச் செய்து சாப்பிடுகிற நேரத்தில் நம் அடுப்பில் நாலு பாத்திரம் ஆவி விடுகிறது. ஒரு ஈடு இட்லி எடுத்ததும் சமையலறை ஜன்னலைப் பாருங்கள், கீழ்ப்பாதி முழுக்கப் பூத்திருக்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், வெளியே -20. ஆவி போய்ப் படிய வேறு இடமே வேண்டாம்.

அடுப்பின் கேஸும் சேர்த்தி. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகும். உங்கள் ஃபர்னஸ் அதைப் புகைவாய் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. அடுப்பும், புகைவாய் இல்லாமல் அறைக்குள்ளேயே எரியும் சின்ன கேஸ் ஹீட்டர்களும் அப்படியே உள்ளே விடும். 20 பவுண்ட் சிலிண்டர் ஒன்றை அந்த மாதிரி ஹீட்டரில் எரித்துத் தீர்த்தால் கிட்டத்தட்ட 15 லிட்டர் தண்ணீரை உங்கள் சுவர்களில் ஊற்றியதற்குச் சமம்.

வழி, கேட்கத் தப்பாகத் தோன்றும்: கூரை வென்டை ஒரு அங்குலம் திறந்து வையுங்கள். எப்போதும். -20 டிகிரிக் காற்றில் கன மீட்டருக்கு ஒரு கிராம் ஈரம்கூட இருக்காது. உள்ளே 20 டிகிரிக் காற்று 17 கிராம் வரை பிடிக்கும். வெளிக்காற்று உள்ளே வந்து சூடானால் அது ஈரத்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் சூடு போகும்தான், போகட்டும்.

சமைக்கும்போது அடுப்புக்கு மேலே உள்ள ஃபேனைப் போடுங்கள். அதற்கு முன் வெளியே போய் அந்த ஃபேனின் மூடியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சின்ன பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். பயணத்தில் காற்றில் அடிக்காமல் இருக்கப் பூட்டுவது. திருப்பிவிடாவிட்டால் உள்ளே ஃபேன் கத்தும், மூடி திறக்காது, ஆவி முழுக்க முகத்துக்கே திரும்பும். பழைய வண்டி வாங்கிய பலர் அந்தக் கொக்கியைப் பார்த்ததே இல்லை.

மெத்தைக்கு அடியில் பலகைச் சட்டம் போட்டு ஒரு விரல் இடைவெளி விடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிகளில் துணியை அடைத்து வைக்காதீர்கள். ஜன்னலுக்கு, முடி உலர்த்தும் டிரையரைக் காட்டினால் விறைக்கும் பிளாஸ்டிக் படலம் ஒட்டுங்கள். ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி, கடுங்குளிரில் 40 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளப் பாருங்கள். காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹியூமிடிஃபையர் வாங்குவதானால், கம்ப்ரெஸர் வகை குளிர்ந்த அறையில் சரியாக வேலை செய்யாது, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து ஓடும் டெசிகன்ட் வகை செய்யும். அது விடும் சூடும் அறைக்கு லாபம்.

சுடர்_எட்மன்டன், டிசம்பர் 2

இட்லியை விட முடியாது அண்ணா. அதைவிட எனக்கு மாவு பொங்காததுதான் துக்கம்.

மேற்குக்காற்று, டிசம்பர் 2

விட வேண்டாம். கொக்கியைத் திருப்பி ஃபேனைப் போட்டு அவியுங்கள், போதும்.

மாவுக்கு: ஃபர்னஸ் இருக்கும் பெட்டியை ஒட்டிய கீழ் அலமாரி எப்போதும் மற்ற இடத்தைவிட நாலைந்து டிகிரி சூடாக இருக்கும். பாத்திரத்தைக் கனமான துண்டில் சுற்றி அங்கே வையுங்கள். ஃபர்னஸ் பெட்டிக்கு உள்ளே வைக்கக் கூடாது, பக்கத்து அலமாரி. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஃபர்னஸ் அதிகம் ஓடிய இரவில் எங்கள் மாவு மூடியைத் தள்ளி வழிந்திருக்கிறது.

மேற்குக்காற்று, டிசம்பர் 5

இந்த வாரம் பேச்சில் இரண்டு பேர் 'குளிர் தாங்காவிட்டால் அடுப்பைப் பற்றவைத்துக்கொள்வோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அடுப்பு சூடேற்றும் கருவி கிடையாது. அது அறையின் ஆக்ஸிஜனைத் தின்னும், ஆக்ஸிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தலைவலி வரும், தூக்கம் வரும், அவ்வளவுதான்.

வண்டியில் இரண்டு அலாரம் வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று, படுக்கைக்குப் பக்கத்தில். புரொப்பேன் கசிவுக்கு ஒன்று, தரையை ஒட்டி. இரண்டுக்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் 5 முதல் 7 வருடம். கழற்றிப் பின்பக்கம் அச்சடித்த தேதியைப் பாருங்கள். பச்சை விளக்கு எரிவதால் அது வேலை செய்கிறது என்று ஆகாது. பழைய வண்டி வாங்கியவர்கள் இன்றைக்கே பாருங்கள். பனி கொட்டிய காலையில் ஃபர்னஸ் புகைவாயைச் சுற்றி வாரிவிடுவதும் இதே கணக்குத்தான்.

ரெட்டீர்_புதுசு, டிசம்பர் 19

நேற்று ராத்திரி -31. அடிவயிற்றுச் சென்சர் 6 டிகிரி காட்டியது. தண்ணீர் வருகிறது!! ஆனால் கிரே டேங்க் ஹோஸ் முழுக்கக் கல்லாகிவிட்டது.

மேற்குக்காற்று, டிசம்பர் 19

6 டிகிரி என்பது அருமை. உங்கள் ஸ்கர்ட்டிங்கை நான் வந்து பார்க்க வேண்டும்.

ஹோஸ்: கிரே வால்வைத் திறந்தே விட்டிருக்கிறீர்கள், இல்லையா? பாத்திரம் கழுவும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஓடி, ஹோஸிலேயே படலம் படலமாக உறைந்து அடைத்துவிடும். இரண்டு வால்வையும் மூடியே வையுங்கள். டேங்க் முக்கால் நிரம்பியதும் ஒரே மூச்சில் திறந்துவிட்டு, ஹோஸைக் கழற்றி வடித்து உள்ளே வைத்துவிடுங்கள். வால்வை மூடியதும் ஆர்.வி.க்கு, அதாவது இந்த மாதிரி வீட்டு வண்டிகளுக்கு விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஒரு லிட்டர் ஒவ்வொரு டேங்கிலும் ஊற்றினால் வால்வு ஒட்டிக்கொள்ளாது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சை ஆன்டிஃப்ரீஸ் விஷம், அது வேண்டாம்.

இரவில் சிங்க் அடியிலுள்ள கதவுகளைத் திறந்து வையுங்கள்.

மேற்குக்காற்று, ஜனவரி 8

நேற்று இங்கே சினூக். விடியும்போது -18, மத்தியானம் +8. மேற்கே மலை மேல் மேகம் வில்லாக வளைந்து நின்றதுமே தெரிந்துவிட்டது. சுகமாகத்தான் இருந்தது, கோட்டைக் கழற்றிவிட்டு நடந்தோம். ஆனால் ட்ரெய்லருக்கு இது கடுங்குளிரைவிடச் சிக்கல். ஸ்கர்ட்டிங் மேல் அணைத்த பனி மொத்தமும் ஒரே பகலில் ஓடிவிடும். வண்டியை நிறுத்திய பிறகு அறையைப் பெரிதாக்க வெளியே தள்ளும் பகுதி ஸ்லைடு. கூரைப் பனி உருகி அந்த ஸ்லைடு ரப்பருக்குள் இறங்கும், ராத்திரி உறைந்து ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் ஸ்லைடை அசைத்தால் ரப்பர் கிழியும். காற்று வேறு, வினைலின் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கும்.

சினூக் வந்தால் மாலை இருட்டுவதற்குள் கூரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஸ்லைடு ஓரத்தைத் துணியால் துடைத்து, தண்ணீர் தேங்கும் இடத்தில் ஹோஸ் கிடக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் கரண்ட்டும் கேஸும் வேண்டாம், ஒரு மணி நேரம் வேண்டும்.

சுடர்_எட்மன்டன், ஜனவரி 15

டீசல் ஹீட்டர் எப்படி? மலிவாக வருகிறது, எல்லோரும் புகழ்கிறார்கள்.

மேற்குக்காற்று, ஜனவரி 15

சூடு நல்ல சூடு. புகை வெளியே போவதால் ஈரமும் சேராது. பற்றவைக்கும்போது ஒரு சில நிமிடம் 10 ஆம்ப் இழுக்கும், அப்புறம் ஃபர்னஸ் ஃபேனைவிட மிகக் குறைவு. கரண்ட் இல்லாத இடத்தில் நிறுத்துபவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. டீசல் குளிர்கால டீசலாக இருக்க வேண்டும், கோடையில் வாங்கி வைத்தது கூழாகிவிடும். புகைக்குழாய் வண்டிக்கு அடியில் ஸ்கர்ட்டிங்குக்குள் முடியக் கூடாது, வெளியே வரவேண்டும்.

ஆனால் நவம்பர் 6-ல் எழுதியதேதான் இதற்கும். அறை சூடானால் ஃபர்னஸ் ஓடாது, ஃபர்னஸ் ஓடாவிட்டால் அடிவயிற்றுக்குச் சூடு இல்லை. அதன் குழல்களில் ஒன்றை அடிவயிற்றுக்குள் விட முடியும் என்றால் போடுங்கள். இல்லாவிட்டால் ஹீட்டிங் பேடோடு சேர்த்து வாங்குங்கள்.

ரெட்டீர்_புதுசு, பிப்ரவரி 3

சமையலறைக் குழாய் மட்டும் காலையில் நின்றுவிட்டது. பாத்ரூமில் வருகிறது. என்ன செய்ய?

மேற்குக்காற்று, பிப்ரவரி 3, காலை 7.40

அவசரப்படாதீர்கள். பம்பை அணையுங்கள், வெளித் தண்ணீரை மூடுங்கள், அந்தக் குழாயைத் திறந்தே விடுங்கள். பாத்ரூமில் வருவதால் உறைந்தது சமையலறைக்குப் பிரியும் கிளைதான். பெரும்பாலும் ஸ்லைடுக்குள் போகும் குழாய், அல்லது வெளிச்சுவரை ஒட்டிய வளைவு. சிங்க் அடியைக் காலி செய்து, முடி உலர்த்தும் டிரையரைக் குழாய் வாயிலிருந்து தொடங்கி உள்நோக்கிக் காட்டிக்கொண்டே போங்கள். தீ கூடாது. பிளாஸ்டிக் குழாய் உறைந்தாலும் பெரும்பாலும் வெடிக்காது, இளகிக்கொடுக்கும். உடைவது இணைப்புகள். ஆகவே தண்ணீர் வர ஆரம்பித்ததும் டார்ச் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் பத்து நிமிடம் பாருங்கள்.

ரெட்டீர்_புதுசு, பிப்ரவரி 3, மத்தியானம்

வந்துவிட்டது. ஒழுகல் இல்லை. நன்றி அண்ணா. அடுத்த வருடம் 'நாலு பருவத்துக்கும்' என்று போட்ட வண்டியாக வாங்கிவிடலாம் என்று மனைவி சொல்கிறாள்.

மேற்குக்காற்று, பிப்ரவரி 4

அந்த ஸ்டிக்கருக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் ஒட்டுகிறது. கடைக்குப் போனால் ஸ்டிக்கரைப் பார்க்காமல் கீழே குனிந்து, டேங்க் வால்வுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அடிவயிற்றுத் தகட்டுக்கு உள்ளே, சூடு படும் இடத்தில் இருந்து, கைப்பிடி மட்டும் வெளியே நீட்டியிருந்தால் யோசித்துக் கட்டிய வண்டி. வால்வு வெளியே அம்மணமாகத் தொங்கினால், மேலே எத்தனை அங்குலக் காப்பு இருந்தாலும் டிசம்பரில் அது ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஃபர்னஸ் குழல் அடிவயிற்றுக்கு இறங்குகிறதா, ஜன்னல் இரட்டைக் கண்ணாடியா, ஸ்லைடு எத்தனை. ஸ்லைடு குறையக் குறைய நல்லது. விற்பவரிடம் ஃபர்னஸைப் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் நவம்பரில் செய்த மாதிரி அடியில் போய்த் தடவிப் பாருங்கள். மறுத்தால் அடுத்த கடை.

மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள், அடுப்பு ஃபேனின் வெளி மூடியை அவர் பார்க்கட்டும்.